கணினிக்குக் காது கொடுத்த ராஜ் ரெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பெரியம்மாவுக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் அவருக்குக் கண் வலித்துவிடும். ஆனாலும் தினமும் காலையில் கைப்பேசியை வாய்க்கு அருகில் பிடித்து, தந்தி அடிக்கச் சொல்பவரைப் போல நிறுத்தி நிறுத்தி, "இன்றைக்கு ராகு காலம் எப்போது?" என்று கேட்கிறார். பதில் வந்ததும் "நல்லது அம்மா" என்று அந்தக் கருவியிடமே சொல்லிவிட்டுத்தான் வைப்பார்.

அந்தக் கருவிக்குக் காது வந்த கதை அறுபது ஆண்டு பழையது. அதன் முதல் அத்தியாயங்களில் இருப்பவர் ராஜ் ரெட்டி. கல்லூரி மாணவர்களிடம் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரியான கேள்விகள் வருகின்றன. அவற்றையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த ராஜ் ரெட்டி?

செயற்கை நுண்ணறிவுத் துறை பிறந்து பத்தாண்டு ஆவதற்குள் அதில் நுழைந்த ஆராய்ச்சியாளர். முழுப் பெயரில் ராஜகோபால் உண்டு. உலகம் சுருக்கி 'ராஜ்' ஆக்கிக்கொண்டது. மனிதர்கள் இயல்பாகப் பேசுவதைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக 1960-களின் நடுவிலிருந்து உழைத்தவர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தை உருவாக்கி, 1979 முதல் 1991 வரை அதன் இயக்குநராக இருந்தார். 1994-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதை எட்வர்ட் ஃபைகன்பாமுடன் பகிர்ந்துகொண்டார். கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் அந்த விருதைப் பெற்ற முதல் இந்திய வம்சாவளியினர் அவர்தான்.

அவர் தமிழரா?

இல்லை, தெலுங்கர். 1937 ஜூன் 13 அன்று சித்தூர் மாவட்டத்தின் காட்டூர் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அந்தப் பக்கம் போனது. குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் அவர்.

படியேறிய கல்லூரி நம்முடையது. சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் படித்து 1958-இல் பட்டம் பெற்றார். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அந்தக் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கம். அதன் வழியாகப் போகும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும் என்று நான் கேட்டுப் பார்ப்பதுண்டு. கை தூக்குபவர்கள் மிகக் குறைவு. அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிவில் இன்ஜினியர் எப்படிக் கணினிப் பக்கம் போனார்?

ஆஸ்திரேலியா வழியாக. சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960-இல் எம்.டெக். முடித்தார். அங்கேதான் 'டியூஸ்' என்ற கணினியோடு பழக்கம் ஏற்பட்டது. வெற்றிடக் குழாய்களால் ஆன, அறையை அடைக்கும் இயந்திரம் அது. பாதரசம் நிரம்பிய குழாய்களில் ஒலித் துடிப்புகளாகத்தான் அது எண்களை நினைவில் வைத்துக்கொள்ளும். கணினியியலின் முன்னோடி ஆலன் டூரிங் வடிவமைத்த 'ஏஸ்' கணினியின் வழியில் வந்த வணிக வடிவம்தான் டியூஸ். ஆக, ராஜ் ரெட்டி பழகிய முதல் கணினியே டூரிங்கின் கைவண்ணத்தில் வந்த ஒன்று. பின்னாளில் அவர் பெயரிலுள்ள விருதே இவரைத் தேடி வந்ததை நினைத்தால் மனம் நெகிழ்கிறது.

அதன்பிறகு ஆஸ்திரேலியாவில் ஐபிஎம் நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை. பிறகு கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே ஜான் மெக்கார்த்தி இருந்தார். 'செயற்கை நுண்ணறிவு' என்ற பெயரையே வைத்தவர். அவரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து 1966-இல் முனைவர் பட்டம் பெற்றார் ராஜ் ரெட்டி. ஸ்டான்ஃபோர்டின் கணினி அறிவியல் துறை தனித் துறையானதே 1965-இல்தான். அதன் முதல் முனைவர்கள் வரிசையில் நிற்பவர் இவர். பேச்சின் ஒலியலையை நேராக ஆராய்ந்து கணினி வழியாகப் பேச்சை அறிவதே ஆய்வின் பொருள். சில ஆண்டுகள் அங்கேயே பாடம் நடத்திவிட்டு 1969-இல் கார்னகி மெலன் போனார். ஆலன் நியூவெல், ஹெர்பர்ட் சைமன் போன்ற முன்னோடிகள் அப்போது அங்கே பணியாற்றிக்கொண்டிருந்தார்கள்.

பேச்சைப் புரிந்துகொள்வதில் அப்படி என்ன சிரமம்? குழந்தைகூடச் செய்கிறதே?

குழந்தை செய்வதால்தான் அதன் சிரமம் நம் கண்ணில் படுவதில்லை. சதுரங்கம் ஆடத் தெரியாதவர்கள் உண்டு, கணக்கு வராதவர்கள் உண்டு. தாய்மொழியைக் காதால் வாங்கத் தெரியாதவர், செவித்திறன் உள்ளவரிடையே அரிது. அந்த இயல்பான காரியத்தைத்தான் இயந்திரத்துக்குச் சொல்லித்தர முடியாமல் பெரிய பெரிய ஆய்வகங்கள் திணறின.

தமிழிலிருந்தே பார்க்கலாம். எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறோம். பேச்சில் விடுவதில்லை. "என்ன ஆயிற்று" என்பது வாயில் 'என்னாயிற்று' ஆகிவிடும். மைக்கில் பிடித்த ஒலியலையை வரைந்து பார்த்தால் சொல் எங்கே முடிகிறது என்பதற்கு அதில் எந்த அடையாளமும் இராது. அதைவிட வேடிக்கை, மௌனம் வேறு இடத்தில் இருக்கும். 'பட்டம்' என்று சொல்லிப் பாருங்கள். 'ப'வுக்கும் 'டம்'முக்கும் நடுவே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி நிற்கும் ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்தில் ஒலியே இல்லை. சொற்களுக்கு நடுவே மௌனம் இல்லை, ஒரு சொல்லின் வயிற்றுக்குள் இருக்கிறது! மௌனத்தை வைத்துச் சொல்லைப் பிரிக்கலாம் என்று கிளம்பும் கணினி இந்த முதல் அடியிலேயே சறுக்கிவிடும்.

அடுத்தது, ஒலிகள் அக்கம்பக்கம் பார்த்து மாறுவது. 'கடல்', 'தங்கம்', 'அகம்' மூன்றிலும் எழுதுவது ஒரே 'க'. காதில் விழுவது மூன்று வேறு ஒலிகள். நமக்கு இது பழகிப்போன ஒன்று. இயந்திரத்துக்கு மூன்று அந்நியர்கள். இதோடு ஆளுக்கு ஆள் குரல், ஊருக்கு ஊர் உச்சரிப்பு, சளி பிடித்த தொண்டை, ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறி எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் தாண்டி ஒலியைச் சரியாகப் பிடித்தாலும் பொருள் தனியே நிற்கும். 'பலகை' என்று காதில் விழுந்தால் அது மரப்பலகையா, பல கைகளா? 'தாமரை' பூவா, தாவுகிற மரையா? நம் இலக்கண ஆசிரியர்கள் இதைப் பொதுமொழி என்று பெயரிட்டுப் பேசியிருக்கிறார்கள். முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்து நாம் முடிவு செய்துகொள்கிறோம். ஒலி பாதிதான், மீதியை நிரப்புவது உலகத்தைப் பற்றி ஏற்கெனவே நமக்குள் இருக்கும் அறிவு. ராஜ் ரெட்டியின் ஆரம்பகால வேலை முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றியே வருகிறது என்று சொல்வேன்.

அந்தக் காலத்தில் இதை யாராவது நம்பினார்களா?

நம்பாதவர்கள் பலமாக இருந்தார்கள். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பியர்ஸ் 1969-இல் ஒலியியல் இதழ் ஒன்றுக்கு எழுதிய கடிதம் பெயர்பெற்றது. தண்ணீரைப் பெட்ரோலாக்குவது, கடலிலிருந்து தங்கம் எடுப்பது போன்ற திட்டங்களின் கவர்ச்சியோடு பேச்சறிதலின் கவர்ச்சியை அவர் ஒப்பிட்டார். பியர்ஸ் சாதாரண ஆளில்லை. தகவல்தொடர்புத் துறையின் பெரிய பெயர்களில் ஒருவர். அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

அவர் சொன்னதில் உண்மையும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மொழியறிவு இல்லாமல் ஒலியை மட்டும் வைத்து இதைச் செய்ய முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம். அதே 1969-இல்தான் ராஜ் ரெட்டி பிட்ஸ்பர்க் போய்ச் சேர்ந்தார். மொழியறிவு வேண்டும் என்றால் அதையும் இயந்திரத்துக்குள் வைப்போம் என்று வேலையைத் தொடங்கினார். எதிராளியின் வாதத்தையே தன் வேலைத் திட்டமாக எடுத்துக்கொண்ட இந்தத் துணிவு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

'ஹியர்சே' என்றால் என்ன? அதில் சதுரங்கம் எங்கே வந்தது?

1970-களின் தொடக்கத்தில் ராஜ் ரெட்டியின் குழு உருவாக்கிய பேச்சறிதல் அமைப்பு 'ஹியர்சே-1'. நிறுத்தி நிறுத்தித் தனித்தனிச் சொல்லாகப் பேசாமல், தொடர்ச்சியாகப் பேசினாலும் புரிந்துகொண்ட முதல் அமைப்புகளில் ஒன்று. அதற்கு அவர்கள் கொடுத்த வேலை, வாயால் சொல்லிச் சதுரங்கம் ஆடுவது.

ஏன் சதுரங்கம்? ஆட்டம் தொடங்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். எட்டுச் சிப்பாய்களும் ஒரு கட்டமோ இரண்டு கட்டமோ நகரலாம்; இரண்டு குதிரைகளுக்கும் இரண்டிரண்டு இடங்கள். மொத்தம் 20 நகர்வுகள், அவ்வளவுதான். மைக் முன்னால் இருப்பவர் என்ன முணுமுணுத்தாலும் அது அந்த இருபதில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆட்டம் போகப் போக வாய்ப்புகள் கூடும்; ஆனாலும் நல்ல ஆட்டக்காரர் ஆடக்கூடியவை சிலவே. சதுரங்கம் தெரிந்த இன்னொரு நிரல் பலகையைப் பார்த்து, எந்த நகர்வு நடக்கக்கூடும் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஒலியை ஆராயும் பகுதிக்குச் சந்தேகம் வந்தால் அதைக் கேட்டுக்கொள்ளும்.

குதிரை என்று சொன்னதா வேறு காயைச் சொன்னதா என்று காதுக்குத் தெளிவில்லை. பலகையில் அந்தக் கட்டத்துக்குக் குதிரையால் மட்டுமே போக முடியும். அப்படியானால் காதில் விழுந்தது குதிரைதான். சந்தை இரைச்சலில் காய்கறிக்காரர் சொன்ன விலை பாதி காதில் விழுந்தாலும், கத்தரிக்காய் என்ன விலை விற்கும் என்று தெரிந்திருப்பதால் மீதியை நாம் நிரப்பிக்கொள்கிறோம் அல்லவா? அதையேதான் அந்த இயந்திரமும் செய்தது.

'கரும்பலகை' முறை என்று படித்தேன். எளிமையாகச் சொல்ல முடியுமா?

ஹியர்சே-2 அமைப்பில் வந்த யோசனை அது. லீ எர்மன், ஃபிரெடரிக் ஹேய்ஸ்-ராத், விக்டர் லெஸ்ஸர் ஆகியோர் ராஜ் ரெட்டியுடன் சேர்ந்து உருவாக்கியது.

சிதைந்த ஓலைச்சுவடி ஒன்றை நான்கு பேர் சேர்ந்து படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குப் பழைய எழுத்து வடிவம் தெரியும். ஒருவருக்கு யாப்பு. மற்றவருக்கு இலக்கணம். நான்காமவருக்கு அந்தப் புராணக் கதை மனப்பாடம். நடுவில் ஒரு கரும்பலகை. எழுத்து தெரிந்தவர் 'இது மாவாகவோ வாவாகவோ இருக்கலாம்' என்று எழுதுகிறார். அதைப் பார்த்த யாப்பு தெரிந்தவர், எதுகை இடிக்கிறது, எனவே 'மா' என்கிறார். கதை தெரிந்தவர் அதற்கடுத்த சொல்லையே ஊகித்து எழுதிவிடுகிறார். எழுத்து தெரிந்தவர் திரும்பச் சுவடியைப் பார்த்து ஆமோதிக்கிறார். யாரும் யாருக்கும் அதிகாரி இல்லை. யார் எப்போது பேச வேண்டும் என்ற வரிசையும் முன்கூட்டியே இல்லை. பலகையில் இருப்பதைப் பார்த்து, தனக்குத் தெரிந்ததை எழுதினால் போதும்.

மென்பொருளில் ஒவ்வொரு வகை அறிவும் தனித்தனி நிரல்; கரும்பலகை என்பது எல்லோரும் பார்க்கும் பொது நினைவகம். பேச்சுக்காகப் பிறந்த இந்த அமைப்பு முறை, வேறு பல துறைகளின் மென்பொருள்களிலும் பின்னர் எடுத்தாளப்பட்டது.

ஹார்ப்பி?

இதற்கு ஒரு பந்தயத்தின் பின்னணி உண்டு. அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி முகமையான ஆர்ப்பா 1971-இல் ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. ஆயிரம் சொற்கள் கொண்ட தொடர் பேச்சைப் பத்து சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு புரிந்துகொள்ள வேண்டும் என்பது இலக்கு. பல நிறுவனங்கள் இறங்கின. 1976-இல் இலக்கைத் தொட்டது கார்னகி மெலனின் 'ஹார்ப்பி'. புரூஸ் லோவர் என்ற ஆய்வு மாணவரின் படைப்பு. வழிகாட்டி ராஜ் ரெட்டி. 1,011 சொற்கள், பிழை ஏறத்தாழ ஐந்து சதவீதம்.

ஹார்ப்பி, பேசக்கூடிய எல்லா வாக்கியங்களையும் அவற்றின் உச்சரிப்புகளையும் சுமார் 15,000 முனைகள் கொண்ட ஒரே வலைப்பின்னலாக முன்கூட்டியே பின்னி வைத்துக்கொண்டது. பேச்சு வரவர, அந்த வலையில் எந்தப் பாதை பொருந்துகிறது என்று தேடும். எல்லாப் பாதையிலும் போனால் ஆயுள் போதாது. எனவே ஒவ்வொரு கட்டத்திலும் மிகச் சிறந்த பாதையையும் அதற்கு நெருக்கமாக வருபவற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிடும். இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வரப்பில் நடப்பதைப் போல, வெளிச்ச வட்டத்துக்குள் விழுவதை மட்டும் பார்ப்பது. 'பீம் தேடல்' என்ற இந்த உத்தி இன்றும் இயந்திர மொழிபெயர்ப்பிலும் பேச்சறிதலிலும் பயன்படுகிறது.

1976-லேயே வென்றுவிட்டார்கள் என்றால், நம் கைக்கு வர ஏன் இத்தனை ஆண்டுகள்?

வென்றது அடைப்புக்குள் நடந்த போட்டி. வலையில் பின்னி வைத்த வாக்கிய அமைப்புகளைத் தாண்டி எதையும் ஹார்ப்பியால் ஏற்க முடியாது. பேசுபவரின் குரலுக்கு முதலில் பழக வேண்டும். ஒரு நொடிப் பேச்சுக்கு ஏறத்தாழ 2.8 கோடி கட்டளைகளை அது நிறைவேற்ற வேண்டியிருந்தது. அந்தக் காலக் கணினியோ நொடிக்குச் சில லட்சம் கட்டளைகளைத்தான் நிறைவேற்றும். நீங்கள் ஒரு நொடி பேசிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

இன்னொரு காரணம் பணம். ஐந்தாண்டு முடிந்ததும் அந்தத் திட்டத்தின் தொடர்ச்சிக்கு ஆர்ப்பா நிதி தரவில்லை. செயற்கை நுண்ணறிவுத் துறைக்கே அது வறட்சிக் காலம். ராஜ் ரெட்டியின் ஆய்வகம் அந்த வறட்சியில் கலைந்துவிடவில்லை என்பதுதான் முக்கியம். மழை திரும்ப வந்தபோது விதை அங்கே இருந்தது.

இன்றைய பேச்சறிதல் அவர் முறையிலா நடக்கிறது?

நேர்மையான பதில்: பெரும்பாலும் இல்லை. மொழியறிவை மனிதர்களே எடுத்து இயந்திரத்துக்கு ஊட்டுவது என்பது அவர் தொடங்கிய வழி. வென்றது புள்ளியியல் வழி. ஏராளமான பேச்சுப் பதிவுகளைக் கொடுத்து, எந்த ஒலிக்கு எந்தச் சொல் என்பதை இயந்திரமே நிகழ்தகவுகளாகக் கற்றுக்கொள்வது. அதன்பிறகு நரம்பியல் வலையமைப்புகள் வந்தன.

ஆனால் அந்தப் புள்ளியியல் வழியின் ஒரு வேரும் அவர் ஆய்வகத்தில்தான் இருக்கிறது. அவருடைய மாணவர் ஜேம்ஸ் பேக்கர் 1975-இல் 'டிராகன்' என்ற அமைப்பில் மறை மார்க்கோவ் மாதிரி என்ற நிகழ்தகவுக் கணிதத்தைக் கொண்டுவந்தார். பின்னர் மனைவி ஜேனட் பேக்கருடன் சேர்ந்து டிராகன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்யும் மென்பொருளை 1997-இல் கடைகளுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள்.

அடுத்தவர் கை-ஃபு லீ. 1980-களில் ராஜ் ரெட்டியிடம் ஆய்வு மாணவர். ஆசிரியர் சொன்ன வழி வேறு. நிபுணர்களின் அறிவை விதிகளாக எழுதும் அந்த வழியில் கொஞ்சகாலம் போய்ப் பார்த்த லீ, அது கரைசேராது என்ற முடிவுக்கு வந்தார். புள்ளியியலுக்கு மாற விரும்புகிறேன் என்று ஆசிரியரிடமே போய்ச் சொன்னார். உன் கருத்தோடு நான் உடன்படவில்லை, ஆனாலும் உனக்குத் துணை நிற்பேன் என்பதாக அமைந்தது ராஜ் ரெட்டியின் பதில். பெயரளவில் சொன்ன வார்த்தை இல்லை அது. அந்த ஆய்வுக்கு வேண்டிய கணினிகளும் தரவும் கிடைத்தன. 1988-இல் 'ஸ்ஃபிங்ஸ்' வந்தது. புதிதாக யார் வந்து பேசினாலும், அவர் குரலுக்கென்று தனிப் பயிற்சி இல்லாமல், ஏறத்தாழ ஆயிரம் சொற்கள் கொண்ட தொடர் பேச்சை அது புரிந்துகொண்டது.

இந்தச் சம்பவத்தை லீயே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆய்வு வழிகாட்டியின் கருத்துக்கு மாறாக ஒரு வரி எழுதவும் அஞ்சுகிற மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்தக் கதையைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். ராஜ் ரெட்டியின் கண்டுபிடிப்புகளில் எது பெரியது என்று என்னைக் கேட்டால், நான் இந்தப் பதிலைத்தான் சொல்வேன்.

ரோபாட்டிக்ஸ் நிறுவனத்தில் என்ன செய்தார்கள்?

ஓட்டுநர் இல்லாத காரின் பழைய வேர் ஒன்று அங்கே இருக்கிறது. 'நேவ்லேப்' வரிசை வண்டிகள் 1980-களின் நடுவில் தொடங்கின. முதல் வண்டி, கணினிகளை ஏற்றிய ஒரு வேன். அவ்வரிசையின் ஐந்தாம் வண்டி 1995-இல் அமெரிக்காவின் கிழக்கிலிருந்து மேற்குக் கரை வரை சுமார் 2,800 மைல் ஓடியது. வழியில் 98 சதவீதத் தூரத்துக்கு ஸ்டீயரிங்கைத் திருப்பியது கணினி. வேகத்தையும் பிரேக்கையும் மனிதர்கள் பார்த்துக்கொண்டார்கள். அப்போது ராஜ் ரெட்டி இயக்குநர் பொறுப்பை விட்டு, கணினி அறிவியல் புலத்தின் தலைவராகியிருந்தார். அஸ்திவாரம் அவர் காலத்தது.

டூரிங் விருது எதற்காக?

பெரிய அளவிலான செயற்கை நுண்ணறிவு அமைப்புகளை வடிவமைத்து, அவற்றுக்கு நடைமுறைப் பயனும் வணிக மதிப்பும் உண்டு என்று காட்டியதற்காக. 2001-இல் இந்திய அரசு பத்மபூஷண் வழங்கியது. அதற்கு முன்பே 1984-இல் பிரான்ஸ் தன் லீஜியன் ஆஃப் ஹானர் விருதை அளித்திருந்தது.

பிரான்ஸ் ஏன்?

1980-களின் தொடக்கத்தில், அதிபர் மித்தரான் காலத்தில், பாரிஸில் ஓர் உலகக் கணினி மையம் அமைக்கப்பட்டது. வளரும் நாடுகளின் மக்களுக்கும் கணினி பயன்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். அதன் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர் ராஜ் ரெட்டி. மையம் நீண்ட நாள் நீடிக்கவில்லை. ஆனால் அந்த எண்ணம் அவரை விடவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கணினியால் என்ன பயன் என்ற கேள்வியைப் பிற்காலம் முழுவதும் திரும்பத் திரும்பக் கேட்டார். தொலைக்காட்சி, தொலைபேசி, கணினி எல்லாம் ஒன்றாக இருக்கும் எளிய பெட்டி ஒன்றை 2004 வாக்கில் முன்வைத்தார். குறிவைத்தது படிப்பறிவு குறைந்த ஏழை மக்களை. பெட்டி பரவவில்லை. அது செய்ய வேண்டிய வேலையைக் கைப்பேசி செய்தது. பெரியம்மாவின் காலைக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பெட்டி நினைவுக்கு வரும்.

ஆந்திராவில் பல்கலைக்கழகம் தொடங்கினாராமே?

2008-இல் அன்றைய ஒருங்கிணைந்த ஆந்திரப் பிரதேச அரசு தொடங்கிய ராஜீவ் காந்தி அறிவுசார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தர் அவர். பத்தாம் வகுப்பு முடித்த கிராமப்புற மாணவர்களை நேராக எடுத்துக்கொண்டு ஆறு ஆண்டுகளில் பொறியாளராக்கும் திட்டம். இடுப்புலபாய, நூஸ்வீடு, பாசர ஆகிய மூன்று இடங்களில் வளாகங்கள். பாசர இப்போது தெலங்கானாவில் இருக்கிறது. ஹைதராபாத்தின் சர்வதேசத் தகவல் தொழில்நுட்ப நிறுவனமான ஐஐஐடியின் ஆட்சிக்குழுத் தலைவராகவும் இருந்திருக்கிறார்.

அவர் சொன்ன கணிப்புகள் பலித்தனவா?

அமெரிக்கச் செயற்கை நுண்ணறிவுச் சங்கத்தின் தலைவராக 1988-இல் ஆற்றிய உரையில், துறை எதிர்கொள்ள வேண்டிய பெரும் சவால்களைப் பட்டியலிட்டார். உலகச் சாம்பியனை வெல்லும் சதுரங்கக் கணினி, பேசும்போதே மொழிபெயர்க்கும் தொலைபேசி, விபத்தைத் தவிர்க்கும் கார், கணிதத்தில் புதியதைக் கண்டுபிடிக்கும் நிரல் ஆகியவை அதில் இருந்தன. 1997-இல் டீப் புளூ என்ற கணினி உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது. அந்தக் கணினியின் முன்னோடியை உருவாக்கியவர்கள் கார்னகி மெலன் மாணவர்கள். மொழிபெயர்க்கும் தொலைபேசி நம் சட்டைப்பையில் இருக்கிறது. கார் முக்கால்வாசி வழி வந்துவிட்டது.

அவரிடம் குறையாகச் சொல்ல எதுவும் இல்லையா?

மனத்தை உறுத்தும் ஒன்று உண்டு. பேச்சறிதலின் தொடக்க வளர்ச்சிக்குப் பெரும்பணம் ராணுவ முகமையிடமிருந்து வந்தது. கிராமத்து ஏழைக்காகக் கனவு கண்டவரின் ஆய்வகமும் அந்தப் பணத்தில்தான் நடந்தது. அக்கால அமெரிக்கக் கணினி ஆய்வில் யாரும் இதற்கு விலக்கில்லை என்பது உண்மை. இருந்தாலும், கேட்கும் திறன் பெற்ற இயந்திரம் ஒட்டுக்கேட்கவும் பயன்படும் என்ற கவலை நியாயமானது. மாணவர்கள் இதைக் கேட்கும்போது நான் மழுப்புவதில்லை.

பத்து லட்சம் புத்தகத் திட்டம் என்றால் என்ன? அதில் தமிழ் நூல்கள் உண்டா?

உலகத்தின் புத்தகங்களையெல்லாம் இணையத்தில் இலவசமாக வைக்க வேண்டும் என்ற ஆசையின் முதல் படி. ராஜ் ரெட்டியும் கார்னகி மெலன் சகாக்களும் முன்னின்று நடத்த, இந்தியா, சீனா, எகிப்து நாடுகளின் நிறுவனங்கள் சேர்ந்துகொண்டன. இந்தியப் பக்கத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் பாலகிருஷ்ணன் முக்கியப் பங்காற்றினார். 2007 இறுதிக்குள் பதினைந்து லட்சம் புத்தகங்களைத் தாண்டிவிட்டதாக அறிவித்தார்கள். அதில் சீன நூல்கள் 9,70,000, ஆங்கிலம் 3,60,000, தெலுங்கு 50,000, அரபு 40,000. மொத்தம் இருபது மொழிகள்.

தமிழ் நூல்கள் உண்டு. இந்தியாவில் ஸ்கேன் செய்தவை 'டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா' என்ற பெயரில் வெளிவந்தன. இப்போது அவற்றை இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் அதே பெயருள்ள தொகுப்பில் பார்க்கலாம். பக்கங்கள் சில இடங்களில் சாய்ந்திருக்கும், சில நூல்களில் விடுபட்டும் இருக்கும். தலைப்புகளை ஆங்கில எழுத்தில் மனம்போன போக்கில் எழுதி வைத்திருப்பதால் ஒரே முறை தேடிவிட்டுக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். 'புராணம்' என்பதைத் தேட வேண்டுமானால் நடுவில் ஒரு 'ஏ' போட்டும், இரண்டு போட்டும், கடைசி 'எம்' இல்லாமலும் தேடிப் பாருங்கள். ஆசிரியர் பெயரையும் அப்படியே மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் நூலகத்தில் கரையான் தின்றுவிட்ட ஒரு தல புராணத்தை மூன்றாம் முறை எழுத்து மாற்றித் தேடியபோது அங்கே முழுதாகக் கண்டேன். முகப்பில் யாரோ ஒருவர் மையால் எழுதிய கையெழுத்தும் அழியாமல் இருந்தது.